அம்மாவின் காய்ச்சலும் இருதய வால்வும்

இம்முறை நாம் படிக்க எடுத்துக்கொண்டது இருதய வால்வில் ஏற்படும் கிருமித்தொற்று. இது அடிக்கடி வரும் நோயல்ல. வந்தாலோ உயிருக்கே ஆபத்தானது. இந்நோயில் ஆண்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை பெண்களுக்கும் அதே அளவில் கிடைக்கிறதா, அதில் குடும்பத்தின் பங்கு என்ன என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. நோய் எப்படி வருகிறது?

எமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை ஒரு பக்கம் போகவிட்டு, திரும்பி வராமல் தடுப்பது அவற்றின் வேலை. குளத்துத் துருசு பழுதானால் வயல் என்னவாகும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வால்வு பழுதானாலும் உடல் முழுவதும் பாதிப்படைகிறது.

பல்லீறு, தோற்புண் போன்ற இடங்களிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி, ஏற்கெனவே பழுதடைந்த வால்வில் இலகுவாகக் குடியேறிவிடும். வால்வைப் பழுதாக்கும் காரணங்களில் ஒன்று மூட்டுவாதக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளுக்கு, தொண்டைநோ வந்து இரண்டு மூன்று வாரங்களின் பின் மூட்டுகள் மாறி மாறி வீங்கி நோகும். மூட்டு நோ மாறிவிடும். வால்வில் ஏற்பட்ட பழுது தங்கிவிடலாம். நெருக்கமாக வாழும் இடங்களில் தொண்டைக் கிருமி எளிதில் பரவும். முகாம்களில் வாழ்ந்த எமக்கு இது முக்கியமான செய்தி.

இப்பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தொடர்ந்து போடவேண்டும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு உள்ளானது. அந்நாட்களில் உடுத்த உடையோடு ஓடியவர்கள் கிளினிக் கொப்பியைக் காப்பாற்றியிருக்க முடியாது. அன்றைய சிறுமிகள் இன்று தாய்மாராக இருக்கிறார்கள். சிறுவயதில் மாதாமாதம் ஊசி போட்டவர்கள், கொப்பி இல்லாவிட்டாலும் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

2. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு

உலகளவில் வால்வுத் தொற்று ஆண்களுக்கே அதிகம் வருகிறது. 2016 முதல் 2018 வரை 40 நாடுகளின் வைத்தியசாலைகளில் 3,000க்கும் அதிகமான நோயாளரைக் கவனித்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே பெண்கள். மூட்டுவாதக் காய்ச்சலால் வரும் வால்வுப் பழுதோ பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது.

வால்வு அதிகமாகச் சிதைந்தால் மருந்து மட்டும் போதாது, சத்திரசிகிச்சையும் தேவைப்படும். பல நாட்டு ஆய்வுகளில் பெண்களுக்கு இச்சத்திரசிகிச்சை ஆண்களைவிடக் குறைவாகவே செய்யப்பட்டிருக்கிறது. சில ஆய்வுகளில் இறப்பும் பெண்களிடையே கூடுதல். நோய் கண்ட பெண்களின் வயது கூடியிருப்பதும், வேறு நோய்கள் சேர்ந்திருப்பதும் இதற்கு ஒரு பகுதிக் காரணம். அவை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எம் வீடுகளைப் பார்ப்போம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பனடோலோடு அடுப்படிக்குப் போகிறா. மூச்சு வாங்கினால் வேலைக் களைப்பு என்கிறோம். கர்ப்பிணி என்றால் அது வழமைதானே என்கிறோம். வயலில் நின்றவவுக்கு எலிக்காய்ச்சலோ டெங்குவோ என்று எண்ணுவதும் இயல்பே. அவையும் உடனே பார்க்கவேண்டிய நோய்கள்தாம். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் தாயோ, பிள்ளைகளை யாரிடம் விட்டு வைத்தியசாலைக்குப் போவா?

3. செய்யவேண்டியவை

• விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, மூச்சு வாங்கல், கால் வீக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வால்வுப் பழுது உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் தாமதிக்க வேண்டாம். திடீரென ஒரு பக்கம் வலுவிழந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

• கடையில் கிருமிகொல்லி மருந்து வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும்.

• சிகிச்சை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் நீடிக்கும். நாளத்தினூடாக மருந்து ஏற்றுவார்கள். காய்ச்சல் விட்டதும் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது ஆபத்து.

• முன்பு இத்தொற்று வந்தவர்களும் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் பல் பிடுங்குமுன் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும்.

• சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ போகச் சொன்னால், அவ சார்பில் மற்றவர்கள் மறுக்கக்கூடாது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் பயணம், துணைக்கு ஆள், வீட்டுச் சமையல், மாடு கன்று ஆகியவற்றுக்கு வழி வேண்டும். மாதர் சங்கமும் அன்பியமும் பங்கிட்டுச் செய்யக்கூடிய வேலைகள் இவை.

4. இறைவார்த்தை: மாற்கு 1:29-31

சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். வீட்டார் அதை உடனே இயேசுவிடம் தெரிவித்தார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்தில்கூட ஒரு பெண்ணின் காய்ச்சலை அவர்கள் மறைக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றும் விடவில்லை. குணமாக்கியவர் இயேசு. சொல்லவேண்டியதைச் சொன்னவர்கள் வீட்டார். அந்தப் பங்கு இன்று எம்முடையது.

கலந்துரையாட:

1. எமது வீட்டில் யாருடைய காய்ச்சலுக்கு முதலில் வைத்தியசாலைக்குப் போகிறோம்? யாருடையதைப் பிற்போடுகிறோம்?

2. எமது ஊரில் சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பெண்கள் இருக்கிறார்களா? அவர்கள் கிளினிக்குக்குப் போகிறார்களா?

3. ஒரு தாய் ஆறு வாரம் வைத்தியசாலையில் இருக்கவேண்டி வந்தால், அவவின் வீட்டை யார் யார் எப்படிப் பார்ப்பது?