ஊசி ஒத்துக்கொள்ளாதபோது

“எனக்கு இன்சுலின் ஊசி ஒத்துக்கலை” என்ற பேச்சு தென்காசி வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புளியரையைத் தாண்டினால் கேரளத்தில் அது 25.5 சதவீதம். சாரல் பிடித்ததும் இரு மாநிலத்தாரும் குற்றாலத்தில் கூடுகிறார்கள். ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்திருப்பவருக்கு, அருவிக்குப் போகும் வழியிலேயே பொடியும் லேகியமும் விற்கும் கடைகள் கண்ணில் படும். ஊசியை விட்டுவிட்டு இதைச் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுவதில் வியப்பில்லை. அப்படி விட்டால் சர்க்கரை ஏறிவிடும் என்று எல்லா மருத்துவர்களும் எச்சரிப்பார்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு காரணத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இன்சுலினைச் சில மாதம் நிறுத்தி, பிறகு மறுபடி தொடங்குவது அலர்ஜியைத் தணிப்பதில்லை, அதற்கு வழிதான் திறக்கிறது.

நாள்தோறும் உள்ளே வரும் புரதத்துக்கு உடம்பு பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. ஒருமுறை அறிமுகமாகி, நீண்ட இடைவெளிக்குப் பின் அதே புரதம் திரும்பி வந்தால், அதை எதிர்க்கத் தயாரான ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப்பொருள் அங்கே இருக்கக்கூடும். மாட்டுக் கணையத்திலும் பன்றிக் கணையத்திலும் இன்சுலின் எடுத்த காலத்திலேயே, விட்டு விட்டுப் போட்டவர்களிடம் அலர்ஜி கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. பன்றியுடையது ஒன்றில் மட்டும். 1982-இல் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்த பிறகு தொல்லை வெகுவாகக் குறைந்தது. இன்று ஊசி போடுபவர்களில் மூன்று சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அலர்ஜி வருகிறது. சொல்லப்போனால் இந்தச் சிகிச்சை தொடங்கியதே ஒத்துக்கொள்ளாத ஊசியில்தான். 1922 ஜனவரி 11 அன்று டொரோண்டோவில் 14 வயது லெனார்டு தாம்சனுக்குப் போட்ட ஊசியால் பெரிய பலனில்லை, போட்ட இடத்தில் கட்டியும் வந்தது. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அந்தக் கணையச் சாற்றை மேலும் சுத்திகரித்தார்; 23-ஆம் தேதி போட்டது வேலை செய்தது. இன்சுலின் குற்றவாளி அல்ல, அதனோடு கலந்து வந்த அசுத்தம்தான் குற்றவாளி.

இப்போதும் கூட வருவனவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்று கிடைக்கும் மருந்துகளில் உருட்டிக் கலக்கிப் போடும் பால் போன்ற இன்சுலினில் (அரசு மருத்துவமனைகளில் பலருக்கும் தரப்படும் 30/70 கலவை அந்த வகை) புரோட்டமின் என்ற மீன் புரதம் இருக்கிறது. தண்ணீர் போலத் தெளிந்த வகைகளில் அது இல்லை. கலங்கியதற்குத் தடித்து, தெளிந்ததற்குத் தடிக்கவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. கெடாமலிருக்கச் சேர்க்கும் மெட்டாகிரசாலும் துத்தநாகமும் சிலருக்கு ஆகாது. துத்தநாகம் இல்லாத குளுலிசின் போன்ற வகையும் உண்டு. குப்பி மூடியின் ரப்பரிலுள்ள லேட்டக்ஸ் இன்னொரு சந்தேகம். புனலூர்ப் பக்கம் ரப்பர்ப் பால் எடுக்கும் வேலையில் இருந்தவர்களும், கையுறை போட்டால் அரிக்கிறவர்களும் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அலர்ஜியே அல்லாத தொல்லைகள் இவற்றையெல்லாம் விட அதிகம். ஒரே இடத்தில் தேய்ந்த ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தினால் கொழுப்பு திரண்டு உருளும்; அது அரிக்காது, வலிக்கவும் செய்யாது. ஸ்பிரிட் காயுமுன் குத்தினால் எரியும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டாலும் எரியும். அருவிக் குளியலுக்கு முன் மூலிகை எண்ணெய் தேய்த்த தோலில் வரும் அரிப்பையும் ஊசிக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

‘தடிப்பு வருவது நிஜம், அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?’ என்று கேட்கலாம். எல்லாத் தடிப்பும் ஒன்றல்ல. போட்ட இடத்தோடு நிற்கும் அரிப்பு, ஊசியைத் தொடர்ந்தால் பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மருத்துவர் சொன்னால் அலர்ஜி மாத்திரை உதவும். உடம்பு முழுக்கத் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே 108. அப்படிப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவமனையில் படுக்கவைத்து, ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி உடம்பைப் பழக்குகிறார்கள். வீட்டில் செய்யக்கூடிய காரியமல்ல இது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில்தான் நடக்க வேண்டும். இந்தப் பகுதிக்காரர்களுக்கு அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. பழக்கிய பிறகும் இடையில் ஊசியை விட்டால் அலர்ஜி திரும்பலாம். நான் முதலில் சொன்ன காரணத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

‘இத்தனை மாத்திரைகள் இருக்கும்போது ஊசி எதற்கு?’ என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கணையம் இன்னும் ஓரளவு சுரக்கும் இரண்டாம் வகைக்காரருக்கு மெட்ஃபார்மின், கிளிப்டின்கள், டாபாகிளிஃப்ளோசின், செமாகுளூடைடு என்று மாற்று உண்டு. அலர்ஜியைக் காரணம் காட்டி மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் முதல் வகைக்காரருக்கு இவை எதுவும் இன்சுலினுக்கு ஈடாகாது. இன்சுலின் சுரப்பு தீர்ந்தவர் ஊசியை விட்டுவிட்டு டாபாகிளிஃப்ளோசினை மட்டும் நம்பினால், சர்க்கரை அளவு சுமாராகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

மூலிகை பற்றிய கேள்வியை ஏளனத்தோடு ஒதுக்க எனக்கு மனமில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற நாடு இது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போவது உண்மை. சர்க்கரையைச் சற்றுக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் சற்றுக் குறைப்பது வேறு, இல்லாத இன்சுலினை ஈடுகட்டுவது வேறு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட விளம்பரப் பலகையைத் தொங்கவிட்டிருக்கும் கடையைவிடப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைக் கேட்பது மேல். ஊசியை நிறுத்தாமல் கேட்பது அதைவிட மேல்.

மருத்துவரிடம் போகும்போது குப்பியையோ பேனாவையோ கையோடு கொண்டுபோங்கள். ஊசி போட்ட எத்தனை நிமிடத்தில் தடித்தது, எத்தனை மணி நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு, தடிப்பைச் செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். டாக்டர் பார்க்கும் நாளில் தடிப்பு மறைந்திருக்கும். முன்பு இன்சுலின் போட்டு நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புரோட்டமின் ஆகாது என்று தெரிந்தால் நோயாளிச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதய அறுவை முடிந்ததும் ஹெப்பாரின் மருந்தை முறிக்க அதே புரோட்டமினைத்தான் நேரே ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். பால்நிற இன்சுலின் போட்டு வந்தவர்களுக்கு அப்போது கடுமையான எதிர்விளைவு வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்.