கமாரோவின் பின்சக்கரத்துக்கு இடம் பண்ணுவது எப்படி?

1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இசட்/28 தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதன் சக்கர அகலம் 7 அங்குலம். அன்றைய டயருக்கு அது தாராளம். இன்று அதே காரில் 500 குதிரைத்திறன் எஞ்சினை இறக்கிவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பின் டயர் புகை கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் அமெரிக்காவின் பழைய கார் பிரியர்கள் 12 அங்குலச் சக்கரமும் 335 மி.மீ. டயரும் மாட்ட ஆசைப்படுகிறார்கள். வெளிப்பக்கம் மட்கார்டு தடுக்கும். உள்பக்கம் போகலாம் என்றால் மூன்று தடைகள்: வீல் ஆர்ச் தகடு, ஃபிரேம் ரயில், லீஃப் ஸ்பிரிங்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 1970இல் தொடங்கிய ப்ரோ ஸ்டாக் பந்தயக் கார்களைப் பார்த்து, பின்பாதி ஃபிரேமையே வெட்டி எறிந்துவிட்டு இரும்புக் குழாயில் புதிதாகக் கட்டியவர்கள் பலர். பின் சீட்டு போய்விடும், டிக்கியில் பாதியும் போய்விடும். இரண்டாவது வழி ‘மினி டப்’. வீல் ஆர்ச்சைச் சில அங்குலம் உள்ளே தள்ளி, ரயிலில் தேவையான அளவு மட்டும் செதுக்குவது. தெருவில் ஓட்டும் காருக்கு இதுவே போதும். முதல் வழி பெரும்பாலும் ஜம்பம்தான்.

வேலை கிரைண்டரில் தொடங்குவதில்லை, டயர் கடையில் தொடங்குகிறது. சக்கரமும் டயரும் கைக்கு வந்த பிறகே அளவெடுக்க வேண்டும். 335/30 ஆர்18 டயரின் அகலம் 13.2 அங்குலம், உயரம் 26 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்று காகிதம் சொல்லும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அது கொஞ்சம் மாறும். 12 அங்குலச் சக்கரம் என்பதும் டயர் உட்காரும் இடத்தின் அளவுதான். இருபக்க விளிம்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 13 அங்குலம் வரும்.

அடுத்து காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பாடியைத் தூக்கி நிறுத்தி அளந்தால் ஸ்பிரிங் தொங்கிவிடும், எல்லா அளவும் பொய்யாகிவிடும். மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் கோடு போட்டு, அங்கிருந்து உள்நோக்கி அளக்கலாம். டயரின் உள்பக்கம் குறைந்தது முக்கால் அங்குலம் இடைவெளி வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டி திருப்பத்தில் பக்கவாட்டில் அசையும் என்பதால் ஒரு அங்குலம் விடுவது நல்லது.

இனி ஆக்சில் கணக்கு. இரு சக்கரங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தோடு, சக்கரத்தின் உள்விளிம்பிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரையுள்ள ஆழத்தை இருமுறை கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, இடைத்தூரம் 41 அங்குலம், ஆழம் 6.5 அங்குலம் என்றால் ஆக்சிலின் மொத்த அகலம் 54 அங்குலம். பழைய ஆக்சில் இதைவிட நீளம், எனவே குறுக்க வேண்டும். 1957இல் ஃபோர்டு கொண்டுவந்த 9 அங்குல ஆக்சிலைப் பலர் செவர்லேயிலும் போடுகிறார்கள், கம்பெனிப் பற்றெல்லாம் பார்ப்பதில்லை. ஆக்சிலின் வெளிக்குழாயை வெட்டி ஒட்டலாம், நேர்க்கோட்டுக் கம்பியை உள்ளே செருகி மட்டம் பார்த்துக்கொண்டு. உள்ளே சுழலும் ஷாஃப்டை வெட்டி ஒட்டவே கூடாது. அது கடினப்படுத்திய எஃகு, வெல்டிங் சூடு அதன் பலத்தைக் கெடுத்துவிடும். புது ஷாஃப்டுதான் வாங்க வேண்டும்.

வெட்டும் நாளில் முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. கமாரோவின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே, தூரத்தில் வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று விடுவது நிரம்பிய டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், கம்பளம், அடியில் பூசிய தார் எல்லாம் அகல வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீல் ஆர்ச்சின் உள்பாதித் தகடு வெளிப்பாதியோடு ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளைத் துளைத்தால் தகடு கழன்று வரும். பிறகு அட்டையில் வார்ப்பு வெட்டி, டயரை இடத்தில் நிறுத்திப் பார்த்து, ரயிலின் வெளிமுகத்தில் இடிக்கும் பகுதிக்கு மட்டும் கோடு போட வேண்டும். இந்தக் காரில் தனியான ஃபிரேம் பின்புறம் கிடையாது. தரைத்தகட்டோடு ஒட்டிய, மடித்த தகட்டு ரயில்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் வெட்டி, 3 மி.மீ. எஃகுத் தகட்டால் திறந்த வாயை மூடிப் பெட்டிபோல் ஆக்கிய பிறகே மறுபக்கம். முதலில் அங்கங்கே டேக் அடித்து, டயரை மாட்டிப் பார்த்து, பிறகு முழு வெல்டிங். அதுவும் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் ஓட்டினால் ரயில் சூட்டில் வளையும்.

ஸ்பிரிங்கையும் உள்ளே நகர்த்த வேண்டியிருந்தால் முன் பாக்கெட், பின் ஷேக்கிள், ஆக்சிலில் உள்ள இருக்கை மூன்றும் ஒரே அளவு நகர வேண்டும். டிக்கிக் கதவின் கீல் புது வீல் ஆர்ச்சில் இடிக்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பலர் பெயின்ட் அடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துக்கொள்வது நல்லது. தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் இணைப்புகளில் சீலரும் துருத்தடுப்புப் பூச்சும் அடிக்க வேண்டும். ஸ்பிரிங்கை முழுவதும் அமுக்கி, முழுவதும் தொங்கவிட்டு இடைவெளி பார்க்க வேண்டும். வீல் ஆர்ச்சின் உள்முகத்தில் சாக்பீஸ் பூசி, பின் சீட்டில் இருவரை உட்காரவைத்து, வேகத்தடையும் வளைவும் உள்ள சாலையில் ஒரு சுற்று ஓட்டிவந்தால், சாக்பீஸ் அழிந்த இடம் எங்கே இன்னும் இடிக்கிறது என்று காட்டிவிடும்.