தலையில் பாதிப்பு: மற்ற உறுப்புகளையும் ஏன் கண்காணிக்கிறோம்?

பக்கவாதம், மூளையில் இரத்தக்கசிவு, விபத்தில் தலையில் பலத்த அடி ஆகியவை மூளையைத் திடீரெனப் பாதிக்கின்றன. "பாதிப்பு தலையில்தானே, இதயத்தையும் நுரையீரலையும் ஏன் பரிசோதிக்கிறார்கள்?" என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு.

இதயத் துடிப்பு, சுவாசம், விழுங்குதல், உடலின் நீர் அளவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது மூளைதான். ஆகவே, அதுவரை நலமாக இருந்த உறுப்புகளும் முதல் சில நாள்களில் பாதிக்கப்படலாம்.

என்ன நேரலாம்?

• இதயம்: அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அளவுக்கு அதிகமாகச் சுரப்பதால் துடிப்பு சீர்கெடலாம். இரத்தக்குழாயில் அடைப்பு இல்லாதவருக்கும் இதயத் தசை சில காலம் பலவீனமடையலாம்.

• நுரையீரல்: விழுங்கும் திறன் குறைந்தால் உணவு, நீர், உமிழ்நீர் ஆகியவை மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம்.

• உடலின் உப்பு அளவு: இரத்தத்தில் சோடியம் குறைந்தால் மூளை வீக்கம் அதிகமாகலாம், குழப்பமும் வலிப்பும் வரலாம். அதனால்தான் தாதியர் சிறுநீரின் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள்.

• வயிறு: புண் ஏற்பட்டு இரத்தம் கசியலாம். மலச்சிக்கலும் வரலாம்.

• கால்கள்: அசையாமல் படுத்திருப்பதால் இரத்தம் உறையலாம். அந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு ஆபத்து.

இவற்றைத் தடுப்பது மூளையையும் பாதுகாக்கிறது. இதயமோ நுரையீரலோ தளர்ந்தால், மூளைக்குச் செல்லும் இரத்தமும் ஆக்சிஜனும் குறைந்து, மூளை மீண்டும் பாதிக்கப்படும்.

நீங்கள் எப்படி உதவலாம்?

• விழுங்கும் திறன் பரிசோதிக்கப்படும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். தாகம் என்று அவர் கேட்டாலும் முதலில் தாதியிடம் கேளுங்கள். இருமல் வராமலேயே நீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

• கால் வீங்கியிருந்தால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள். தாதியிடம் தெரிவியுங்கள்.

• அவர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் கூறுங்கள்.

• மூச்சுத்திணறல், காய்ச்சல், புதிய குழப்பம், கறுப்பு நிற மலம் ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள். "தொந்தரவு செய்கிறோமோ" என்று தயங்க வேண்டாம். அவரது இயல்பை நன்கு அறிந்தவர் நீங்கள். சிறு மாற்றமும் உங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

வீடு திரும்பிய பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, திடீர்ப் பேச்சுக் குழறல் அல்லது கை கால் பலவீனம் ஏற்பட்டால் காத்திருக்காமல் 995 எண்ணை அழையுங்கள்.