எப்போது பொய்யாகும் என்று கேளுங்கள்

மேல்நிலை வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ தருக்கவியல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கூற்று (மெய் அல்லது பொய் என்று தீர்மானிக்கக்கூடிய வாக்கியம்) எளிதில் புரிந்துவிடுகிறது. இரண்டு கூற்றுகள் சேர்ந்து கூட்டுக் கூற்று ஆனவுடன் தடுமாற்றம் வருகிறது. இரண்டொரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் ‘எனக்கு இது வராது’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். இந்தத் தடுமாற்றத்துக்குத் தெளிவான காரணம் உண்டு, சரிசெய்யவும் முடியும்.

பேச்சில் நாம் சொல்லாததையும் சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். ‘காபி அல்லது டீ’ என்றால் ஒன்றுதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். தருக்கத்தில் ‘அல்லது’ இரண்டும் மெய்யாக இருப்பதையும் ஏற்கும். ‘கடை சிறியது, ஆனால் பொருள் தரமானது’ என்னும்போது ஒரு முரண் தொனிக்கிறது. தருக்கம் அந்தத் தொனியைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே ‘ஆனால்’ என்பதும் ‘மற்றும்’ என்பதும் ஒன்றே.

இந்தப் பழக்கம் உங்களைப் பாதிக்கிறதா என்பதை மெய் அட்டவணையே (கூறுகளின் மெய், பொய் நிலைகளை வரிசையாகக் காட்டும் கட்டம்) சொல்லிவிடும். ‘அல்லது’ அட்டவணையில் மெய், மெய் என்ற முதல் வரிசைக்குப் பொய் என எழுதுகிறீர்களா? ‘எனில்’ அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைகளில் பேனா நின்றுவிடுகிறதா? இவைதான் அறிகுறிகள்.

நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு கேள்வி: இந்தக் கூற்று எப்போது பொய்யாகும்? ‘மற்றும்’ ஏதேனும் ஒரு பகுதி பொய்யானாலே பொய். ‘அல்லது’ இரண்டும் பொய்யானால் மட்டுமே பொய். ‘எனில்’ தான் சற்று நின்று பார்க்க வேண்டியது.

‘ஒருவர் இருசக்கர வண்டி ஓட்டினால், தலைக்கவசம் அணிந்திருப்பார்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். சாலையில் நான்கு பேர். ஒருவர் கவசத்தோடு ஓட்டுகிறார். ஒருவர் கவசமில்லாமல் ஓட்டுகிறார். ஒருவர் கவசத்தை மாட்டிக்கொண்டு நடக்கிறார். ஒருவர் வெறுந்தலையோடு நடக்கிறார். காவலர் யாரை நிறுத்துவார்? இரண்டாமவரை மட்டும். நடந்து போகிறவர்கள் விதியை மீறவே இல்லை. மீறல் இல்லாத இடத்தில் கூற்று மெய் என்றே கொள்ளப்படுகிறது. அந்தக் கடைசி இரண்டு வரிசைகளில் மெய் என்று எழுதுவது இதனால்தான்.

இதில் தவறுவது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட அட்டைச் சோதனை புகழ்பெற்றது. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்பது விதி. மேசைமேல் உயிரெழுத்து, மெய்யெழுத்து, இரட்டைப்படை எண், ஒற்றைப்படை எண் என நான்கு அட்டைகள் தெரிகின்றன. விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றைப்படை எண்ணையும். படித்தவர்களிலும் பெரும்பாலோர் இதில் தவறினர். பின்னாளில் அதே வடிவத்தை மது அருந்தும் வயது விதியாக மாற்றிக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆகவே குறியீடு மிரட்டினால், மீறக்கூடிய ஒரு விதியாக அதை மாற்றி எழுதிப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் மறுப்பு. ‘கமலாவும் விமலாவும் வந்தார்கள்’ என்பதை மறுக்கச் சொன்னால் ‘கமலாவும் விமலாவும் வரவில்லை’ என்று எழுதிவிடுகிறோம். ஒருவர் மட்டும் வராதிருந்தாலே முதல் கூற்று பொய்யாகிவிடும் என்பதை அது விட்டுவிடுகிறது. சரியான மறுப்பு: ‘கமலா வரவில்லை அல்லது விமலா வரவில்லை.’ முழு வாக்கியத்தின் கடைசியில் ‘என்பது உண்மையன்று’ என்று சேர்த்து, பிறகு பிரித்தால் பிழை வராது. மறுப்பு உள்ளே போகும்போது ‘மற்றும்’ ‘அல்லது’ ஆகும். ‘அல்லது’ ‘மற்றும்’ ஆகும். இந்த விதிகள் அகஸ்டஸ் டி மார்கன் பெயரால் வழங்குகின்றன. 1806-இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர்.

தமிழில் படிப்பவர்கள் ‘தான்’ என்ற ஒட்டைக் கவனியுங்கள். ‘கட்டணம் செலுத்தினால் தேர்வு எழுதலாம்’ என்றால் கட்டணமே போதும். ‘செலுத்தினால்தான் எழுதலாம்’ என்றால் எழுதுகிறவர் கட்டணம் செலுத்தியிருக்கிறார் என்று மட்டுமே பொருள். செலுத்தியவரை வருகைப் பதிவு குறைவென்று நிறுத்தவும் கூடும். ‘எனில்’ என்பதைக் குறிக்கும் அம்புக்குறி திசை மாறிவிட்டது.

குறுக்குவழிகள் பல உலவுகின்றன. மெய்க்கு 1, பொய்க்கு 0 வைத்து ‘மற்றும்’ பெருக்கல், ‘அல்லது’ கூட்டல் என்பது அவற்றுள் ஒன்று. பெருக்கல் சரியாக வரும். கூட்டலில் 1-உம் 1-உம் சேர்ந்து 2 வந்து நிற்கும், அங்கே மாணவர் திகைப்பார். அட்டவணைகளைப் பாட்டாக ஒப்பிப்பதும் அப்படித்தான். தேர்வறைப் பதற்றத்தில் ஒரு சீர் மறந்தால் எல்லாம் போயிற்று.

பயிற்சிக்கு அறிவிப்புப் பலகைகளும் விண்ணப்பப் படிவங்களும் போதும். ஒரு வாக்கியத்தை எடுத்து, கூறுகளுக்கு எழுத்துக் குறியிட்டு, அடைப்புக்குறி போட்டபின் அட்டவணை வரையுங்கள். இரண்டு கூறுகளுக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8. உள் அடைப்புக்குறிக்குத் தனி நிரல் ஒதுக்குங்கள். ‘மாணவர் அல்லது முதியவர் மற்றும் அடையாள அட்டை உள்ளவருக்குச் சலுகை’ என்ற அறிவிப்பை இரண்டு விதமாக அடைப்புக்குறியிட்டுப் பாருங்கள். அட்டையில்லாத மாணவருக்கு ஒன்றில் சலுகை உண்டு, மற்றதில் இல்லை.