அனுப்புநர் பெயரை மட்டும் பார்த்து நம்பாதீங்க!

"இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு மின்னஞ்சல். அனுப்புநர் இடத்தில் மின்வாரியம் என்றே பெயர். கை பதறும்தான். கொஞ்சம் பொறுங்க.

தபால் கவரில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. விதிமுறையும் அப்படித்தான். இணையதளத்தில் ஓடும் நாலு வரி பி.எச்.பி. நிரல், 'ஃப்ரம்' வரியில் எந்தப் பெயரையும் போட்டுவிடும். நல்ல தளங்கள் நமக்கு ரசீது அனுப்புவதும் இதே மாதிரி நிரலால்தான். நிரல் மேல் தப்பில்லை.

ஜிமெயில் செயலியில் அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும். அதைக் கடைசியிலிருந்து படியுங்க. நடுவில் 'கவ்.இன்' இருந்தும் 'டாட் காம்' என்று முடிந்தால் அது அரசு முகவரி அல்ல.

பிறகு பதில் பொத்தானை அழுத்திப் பாருங்க (அனுப்பிவிட வேண்டாம்!). 'ரிப்ளை-டு' என்று நிரலில் தனியாக எழுதிய வேறு முகவரி அங்கே வெளியே வரும். சம்பந்தமில்லாத முகவரி என்றால் அத்தோடு விட்டுவிடுங்க.

முகவரியும் சரியாகவே தெரிகிறதா? அதையும் போலியாக எழுதலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த அஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுங்க. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய சோதனைகளின் முடிவு மேலேயே இருக்கும். டிமார்க் 'ஃபெயில்' என்றால், அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீங்க. கட்டண பாக்கியை மின்வாரியத்தின் சொந்தச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.