முதுகு ஆறியபின்னும் கால்வலி நீடிப்பது ஏன்?

கீழ்முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுள் சிலர், வாரங்கள் பல கடந்த பின்னும் “நடக்க முடியவில்லை, வலி அப்படியே இருக்கிறது” என்று வருந்துவதுண்டு. சிகிச்சை பலனளிக்கவில்லையோ என்னும் ஐயம் குடும்பத்தாருக்கும் எழுகிறது. ஆனால் முதுகு நன்றாகவே ஆறியிருக்க, தேய்ந்த இடுப்பு மூட்டோ முழங்காலோ அவ்வலிக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

இக்குழப்பத்தில் நம் பேச்சுவழக்கிற்கும் பங்குண்டு. முதுகின் அடிப்பகுதியையும், தொடையெலும்பு சேரும் மூட்டையும் ‘இடுப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆகவே மருத்துவரிடம் “இடுப்பு வலி” என்று மட்டும் கூறாமல், வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள்.

முதுகெலும்பில் நரம்புப் பாதை சுருங்கியவருக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை வலி பரவும், கால் மரத்துப்போகும், முன்குனிந்தாலோ அமர்ந்தாலோ தணியும். இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்குப் பெரும்பாலும் தொடையிடுக்கில் வலிக்கும். சம்மணமிடுவதும் கால் நகம் வெட்டுவதும் கடினமாகும். அவ்வலி முழங்காலில் மட்டுமே உணரப்படுவதும் உண்டு! முழங்கால் தேய்மானமோ படியிறங்கும்போதும் அமர்ந்து எழும்போதும் தன்னைக் காட்டிக்கொள்ளும். முதுகும் இடுப்பு மூட்டும் ஒருவரிடமே சேர்ந்து பழுதுபடும் நிலையை ஆஃபியர்ஸ்கி, மக்னாப் என்னும் இரு மருத்துவர்கள் 1983இல் தனியே பெயரிட்டு விளக்கினர்.

அறுவைச் சிகிச்சைக்குப்பின் உடல் தேற நடைப்பயிற்சி இன்றியமையாதது. மூட்டுவலியால் நடை குறைந்தால் தசைகள் மெலியும். மேலும், இடுப்பு மூட்டோ முழங்காலோ முழுமையாக நீளாதபோது உடல் முன்சாய்கிறது. அதனை நிமிர்த்த முதுகுத்தசைகள் ஓயாது உழைத்துக் களைக்கின்றன.

எனவே சிகிச்சைக்கு முன்பே மூட்டுகளையும் பரிசோதிப்பது நன்று. ஐயம் நீடித்தால், இடுப்பு மூட்டினுள் மரப்பு மருந்தைச் செலுத்திப் பார்ப்பர். வலி தற்காலிகமாக அடங்கினால் அதன் ஊற்று அம்மூட்டே என்பது பெரும்பாலும் தெளிவாகும். எதனை முதலில் சீராக்குவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கால் தசைகளின் வலிமை குன்றிவந்தால் முதுகுக்கே முதலிடம் தரப்படும். முதுகெலும்பை இணைக்கும் சிகிச்சை பெற்றவர், பின்னர் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள நேர்ந்தால் அதனைத் தவறாமல் தெரிவிக்கவேண்டும். அத்தகையோருக்குச் செயற்கை மூட்டு நழுவும் வாய்ப்பு சற்று மிகுதி.

வீட்டில் உயரமான நாற்காலியும் மேலைநாட்டுக் கழிப்பறையும் உதவும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். அன்பு மிகுதியால் உறவினர் பலர் அதனை வலிக்கும் பக்கத்திலேயே கொடுத்துவிடுகின்றனர். நடக்க இயலாத நாள்களில் அமர்ந்தும் படுத்தும் செய்யத்தக்க பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

காலில் புதிதாக வலிமைக் குறைவு, தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, காய்ச்சல், தையலிடத்தில் கசிவு ஆகியவற்றுள் எதனையும் மூட்டுவலி என்று எண்ணிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.