மரத்தால் ஆன இல்லங்கள்

காரக்கோணத்தில் என் பாட்டி வீடு நிரை வீடு. சுவருக்குப் பதில் பலகை. சென்ற ஆண்டு அதைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டார்கள். ஆசாரி முளைகளைத் தட்டத் தட்டக் கழுக்கோல்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. இரும்பாணியைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை!

இவ்வேலைப்பாட்டின் பெருவடிவைக் காண விழைந்து, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியே தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் சென்றேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனையைப் பேணுவது கேரள அரசே. அதன் மூத்த பகுதி தாய்க்கொட்டாரம். முற்றத்தைச் சூழ்ந்த நாலுகெட்டு. அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணருகே நெடுநேரம் நின்றேன்.

நண்பர்களே, இங்கிலாந்தின் பழைய நகர வீடுகளும் இவ்வாறு ஓக் மரச் சட்டங்களைத் துளையிட்டு, முளையடித்துக் கூட்டியவையே. மரம் ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். மரமுளை அதனோடு ஒத்து அசையும். ஆயின் அவர்கள் சட்டங்களுக்கிடையே குச்சி பின்னி மண் பூசிக் குளிரை அடைத்தனர். நம்மவரோ மழைக்குக் கூரையைத் தாழ இறக்கி, காற்றுக்கு அழிகளைத் திறந்துவைத்தனர்.

அந்நாட்டுத் தச்சர் எந்தச் சட்டம் எதனோடு சேரும் என்று உளியால் எண் குறிப்பார்களாம். விற்காமல் எஞ்சிய எங்கள் உத்திரம் ஒன்றிலும் மூன்று கீறல்கள் இருக்கின்றன. அதனோடு சேர வேண்டிய தூண்தான் இன்று எங்கள் வசம் இல்லை.